என் தலையும் எதிர்க்கடைக்காரனும்

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுகிறேன். நீயும் மாப்பிள்ளையும் அங்கே சௌக்கியமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நாங்களும் சௌக்கியம் என்றுதான் முதலில் எழுதினேன், உன் அம்மா தோளுக்கு மேலே எட்டிப் பார்த்துவிட்டு, எடுத்த எடுப்பிலேயே பொய்யா என்றாள், அந்தத் தாளைக் கிழித்துப் போட்டுவிட்டு இரண்டாவது தாளில் எழுதுகிறேன்: அம்மா சௌக்கியம், நான் இருக்கிறேன். போன் இருக்கும்போது கடிதம் எதற்கு என்று கேட்பாய். போனில் நான் ஒரு வார்த்தை சொன்னால் நீ ஒன்பது வார்த்தை சொல்கிறாய், ஒன்பதாவது வார்த்தையில் அழுகிறாய், அப்புறம் நான் சொல்ல வந்தது எனக்கே மறந்துபோகிறது. கடிதத்தில் நீ குறுக்கே பேச முடியாது. நீ பல் டாக்டர், வாயைத் திறக்கச் சொல்லிவிட்டு ஆளைப் பேசவிடாமல் வேலை பார்ப்பது உன் தொழில். நான் சலூன்காரன், பேசாமல் கத்தரி பிடிக்க எனக்கு வராது. ஆகவே இன்றைக்கு நான் பேசுகிறேன், நீ வாயைத் திறந்தபடி கேட்டுக்கொண்டிரு.

மூன்றாவது ஊசிக்கு நான் போகவில்லை. ஆஸ்பத்திரியிலேயே தேதியைத் தள்ளிவைத்துவிட்டார்கள் என்று உன் அம்மாவிடம் புளுகினேன். ஏன் வரவில்லை என்று கேட்டு ஆஸ்பத்திரியிலிருந்தே போன் வந்ததால் அந்தப் புளுகுக்கு அரை நாள்தான் ஆயுள். ஆறு ஊசி, மூன்று வாரத்துக்கு ஒன்று, நடுவில் நிறுத்தினால் கழுத்தில் கரைந்துகொண்டிருக்கிற கட்டி மறுபடி தலைதூக்கும் என்று டாக்டர் முதல் நாளே படித்துப் படித்துச் சொன்னது உனக்கும் தெரியும். உயிரைவிட முடி பெரிசாப்பா என்று கேட்டுவிட்டு நீ போனை வைத்தாய், இன்றோடு நாலு நாள். அம்மாவோடு மட்டும் பேசுகிறாய். நான் பக்கத்திலேயே பேப்பர் படிக்கிற பாவனையில் உட்கார்ந்து, என்னை நீ கேட்கிறாயா என்று காது கொடுத்துக்கொண்டிருக்கிறேன். நீ கேட்ட கேள்விக்கு அன்றைக்கே பதில் இருந்தது, சொல்ல வெட்கமாக இருந்தது. ஆமாம் கண்ணு, அன்றைக்கு முடிதான் பெரிசாக இருந்தது.

சிரிக்காதே, சிரித்தால் தப்பில்லை, ஆனால் முழுவதும் படித்துவிட்டுச் சிரி. முப்பத்திரண்டு வருஷமாக என் கடைக்கு விளம்பரம் என் தலைதான். அறுபது வயதில் சீப்பு உள்ளே போனால் வெளியே வர வழி தேடும். உன் மாமா வழுக்கையைக் கிண்டல் செய்யாமல் ஒரு விசேஷ வீட்டிலாவது நான் சாப்பிட்டு எழுந்திருக்கிறேனா? வழுக்கையோடு வருகிறவர்களை உட்காரவைத்து, தண்ணீர் சரியில்லை, கவலை ஜாஸ்தி, நீங்கள் தலையைக் கவனிப்பதில்லை என்று உபதேசம் செய்து நானே காய்ச்சிய எண்ணெயைக் கையில் கொடுத்து அனுப்புகிறவன். அதுவும் நாளெல்லாம் அடுத்தவர் கழுத்தைத் தொட்டு வேலை பார்க்கிறவனுக்குத் தன் கழுத்தில் கட்டி இருப்பது தெரியவில்லை, உன் அம்மா பார்த்துத்தான் சொன்னாள். சரி, அது போகட்டும்.

முதல் ஊசி போட்ட பதினாறாம் நாள். கணக்கு வாத்தியார் முடி வெட்ட வந்திருந்தார், உனக்குக்கூட எட்டாம் வகுப்பில் எடுத்தாரே, அவரேதான். இப்போது ரிட்டயர் ஆகித் தன் தலையில் மிச்சமிருப்பதை எண்ணிக்கொண்டிருக்கிறார். கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு வெள்ளைத் துணியைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் பேச்சு சுவாரசியத்தில் என் தலையைக் கோதினேன். கோதிய கையோடு ஒரு பிடி முடி வந்து அவர் மடியில் விழுந்தது. அவர் குனிந்து பார்த்து, இரண்டு கையாலும் தலையைப் பிடித்துக்கொண்டு, ஐயோ, நீங்க இன்னும் கத்தரியே வைக்கலையே என்றார். அது என்னுடையது சார் என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? உன் அப்பன் என்ன செய்தான் தெரியுமா? சீசன் சார், இந்த மாசம் எல்லாருக்கும் கொட்டும் என்று சொல்லி ஒரு புட்டி எண்ணெயையும் கொடுத்து அனுப்பினேன். காசு வாங்கவில்லை, அந்த அளவுக்கு மனசாட்சி வேலை செய்தது. அவர் போனதும் கதவைச் சாத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்து அழுதேன். அம்மாவுக்கு இது தெரியாது, இதைப் படித்துத்தான் தெரிந்துகொள்வாள், பரவாயில்லை.

மறுநாளிலிருந்து தலையில் கம்பளித் தொப்பி, காது வரைக்கும். வேர்த்து ஊற்றுகிற வெயிலில் சலூன்காரன் கம்பளித் தொப்பியோடு நின்றால் ஊர் என்ன நினைக்கும்? சளி என்றேன். ஒரு மாதமாக ஒரு மனுஷனுக்குச் சளி. தலையில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நின்றதை எடுத்துவிட மனசு வரவில்லை, இருக்கிறதையாவது காப்பாற்றுவோம் என்று இரண்டாவது ஊசியோடு நிறுத்திக்கொண்டேன். நிறுத்தினால் முளைத்துவிடும் என்று நானே ஒரு வைத்தியம் கண்டுபிடித்து வைத்திருந்தேன். நீ வீடியோவில் கூப்பிட்டபோதெல்லாம் கேமரா கெட்டுவிட்டது என்றேனே, கேமரா நன்றாகத்தான் இருக்கிறது.

இதற்கிடையில் கணக்கு வாத்தியார் சும்மா இருப்பாரா? விழுந்த முடியைத் தாளில் மடித்து வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறார், அத்தாட்சியாம். என் பேச்சில் முழு நம்பிக்கை வராமல் இன்னொருத்தர் அபிப்பிராயம் கேட்க எதிர்க்கடைக்குப் போய்ப் பொட்டலத்தைப் பிரித்திருக்கிறார். எதிர்க்கடைக்காரனை உனக்கு நினைவிருக்கும். ஒன்பது வருஷம் என்னிடம் வேலை பார்த்துவிட்டு, என் கடைக்கு நேர் எதிரே, என் கண்ணாடியில் அவன் கடைப் பெயர் இடவலம் மாறித் தெரிகிற மாதிரி கடை போட்டவன். பதினோரு வருஷமாக முகம் கொடுத்துப் பேசியதில்லை. அந்த ஒன்பது வருஷமும் மாதாமாதம் எனக்கு முடி வெட்டியது அவன்தான். அவன் போன பிறகு இரண்டு கண்ணாடி வைத்து நானே வெட்டிக்கொண்டேன், பின்பக்க லட்சணம் எப்படி இருந்தது என்று அம்மாவைக் கேள். அவன் அந்த முடியை விரலில் உருட்டிப் பார்த்திருக்கிறான். எனக்கும் வாத்தியாருக்கும் ஒரே சாயம்தான், நான் கலக்கிப் பூசுவது, பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. ஆனால் அவர் முடி நூல், என்னுடையது துடைப்பக் குச்சி. விரலுக்குத் தெரிந்துவிட்டது. அறுந்தும் வரவில்லை, கொத்தாக வேரோடு வந்திருக்கிறது, எதனால் அப்படி வரும் என்பதும் அவனுக்குத் தெரியும். வாத்தியாரிடம் ஒன்றும் சொல்லாமல், எண்ணெயை விடாமல் தேயுங்கள் என்று அனுப்பிவிட்டான். தெரு தாண்டி வருவதா வேண்டாமா என்று யோசிக்க அவனுக்கு இத்தனை நாள் ஆகியிருக்கிறது.

முந்தாநாள் மதியம் சாப்பாட்டு வேளையில், கடையைச் சாத்திவிட்டு மேலே வீட்டில் இருந்தபோது, மாடிப்படியில் காலடிச் சத்தம். கையில் அவன் பெட்டி. வா என்று நான் சொல்லவில்லை, உன் அம்மா சொன்னாள். டீ கொடுக்கிற சாக்கில் என் புளுகு, தவறிய ஊசி, உன் கோபம் எல்லாவற்றையும் அவனிடம் கொட்டித் தீர்த்துவிட்டாள். அவன் என்னைக் கீழே கூட்டிப்போய் என் நாற்காலியிலேயே உட்காரவைத்தான். தொப்பியைக் கழற்றினான். நான் கண்ணை மூடிக்கொண்டேன். சவரக்கத்தியைத்தான் எடுப்பான் என்று பார்த்தால் மெஷினை எடுத்தான். இந்த மருந்து ஓடும்போது சின்னக் கீறல் பட்டாலும் சீழ் பிடிக்கும், கத்தி வைக்கக் கூடாது என்றான். உனக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். பதினோரு வருஷத்தில் நான் அவனிடம் பேசிய முதல் வார்த்தை அது. அவன் மனைவிக்கு நாலு வருஷத்துக்கு முன்னால் மார்பில் கட்டி வந்து, எட்டு ஊசி போட்டு, அவனே தலையை எடுத்துவிட்டிருக்கிறான். நேர் எதிரே நடந்திருக்கிறது, எனக்குத் தெரியாது.

தெரியாது என்பதும் முழு உண்மை இல்லை. அந்த நாளில் அவன் மனைவி தலையில் துணி கட்டிக்கொண்டு போவதைப் பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு, இவன் கத்தரி லட்சணத்துக்கு இவன் பெண்டாட்டியே தலையை மூடிக்கொண்டு போக வேண்டியிருக்கிறது என்று கடை நிறைய ஆள் இருக்கும்போது சொன்னேன். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். மெஷின் ஓடிக்கொண்டிருக்கும்போது அதுதான் எனக்கு நினைவு வந்தது. அவனே சொன்னான், குரலை உயர்த்தவில்லை.

"நீங்க சொன்னது அவ காதுக்கு வந்துச்சுண்ணே. அதுக்கப்புறம் பத்து நாள் வெளியிலேயே வரல. ஊசிக்கு மட்டும் போனா."

அவ்வளவுதான். வேலை முடிந்ததும் பழக்க தோஷத்தில் கைக்கண்ணாடியைப் பின்னால் பிடித்து, சரியாக இருக்கிறதா என்று கேட்டான். ஒன்றுமே இல்லாத இடத்தில் என்ன சரி பார்ப்பது? நானும் பழக்க தோஷத்தில் தலையை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்றேன். அப்புறம் அவனைப் பார்க்க முடியாமல் துணியை உதறப் போய்விட்டேன்.

நேற்று கணக்கு வாத்தியாரிடமாவது உண்மையைச் சொல்லிவிடலாம் என்று அவர் வீட்டுக்கு மொட்டைத் தலையோடு போனேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவர், எண்ணெய் தேய்த்த மறுநாளே கொட்டுவது நின்றுவிட்டது, இன்னும் இரண்டு புட்டி வேண்டும், நீங்கள் ஏன் அதைத் தேய்ப்பதில்லை என்று கேட்டார். புட்டி அனுப்புவதாகச் சொல்லிவிட்டு வந்துவிட்டேன், அந்தப் பாவம் அப்படியே இருக்கட்டும்.

இதுவரை வீட்டில் எழுதியது. மீதியை ஆஸ்பத்திரியில் எழுதுகிறேன், மூன்றாவது ஊசி ஏறிக்கொண்டிருக்கிறது. எந்தக் கையால் தொழில் செய்கிறீர்கள் என்று நர்ஸ் கேட்டு, இடது கையில் குத்தியிருக்கிறாள், அதனால் எழுத முடிகிறது. டாக்டர் திட்டினார், நன்றாகவே திட்டினார், ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, நடந்தது நடந்துவிட்டது, இனி ஒரு நாள் தள்ளினாலும் என்னிடம் வராதீர்கள் என்றார். இங்கே எட்டு நாற்காலி, சாய்ந்துகொள்கிற நாற்காலி, எட்டிலும் ஆள் இருக்கிறது, ஒரு தலையிலும் எனக்கு வேலை இல்லை. பயமாக இருக்கிறது கண்ணு. முடிக்காகப் பயந்தபோது அது ஒரு சௌகரியமான பயம், அதற்குப் பின்னால் இருந்ததைப் பார்க்காமல் இருந்துவிட்டேன். இப்போது மறைக்க முடி இல்லை. நான் இன்னும் கொஞ்ச காலம் இருக்க ஆசைப்படுகிறேன், அதைத்தான் உன்னிடம் போனில் சொல்ல வராமல் கேமரா கெட்டுவிட்டது என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

அங்கே இரண்டு கடையையும் எதிர்க்கடைக்காரன் பார்த்துக்கொள்கிறான், தெருவைக் குறுக்கே தாண்டித் தாண்டிக் கால் வலிக்கட்டும். அவன் மனைவி எங்களோடு வந்திருக்கிறார். உன் அம்மா காலையிலிருந்து பட்டினி, சாப்பிட்டுவிட்டு வாருங்கள் என்று அவளைக் கேன்டீனுக்கு அனுப்பிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்து பத்திரிகை படித்துக்கொண்டிருக்கிறார். முடி நன்றாக வளர்ந்திருக்கிறது, முன்னால் நீட்டமாக இருந்ததாம், இப்போது சுருள். நான் இன்னும் அவரிடம் அந்தப் பேச்சுக்காக மன்னிப்புக் கேட்கவில்லை. இந்தக் கடிதம் முடிந்ததும் கேட்க வேண்டும். அதனால்தான் இதை முடிக்காமல் நீட்டிக்கொண்டிருக்கிறேன்.

லீவு போட்டுவிட்டு ஓடி வராதே, ஆறாவது முடிந்த பிறகு வா, அப்போது எனக்குக் கொஞ்சம் தெம்பும் இருக்கும், உன்னோடு சண்டை போடலாம். மாப்பிள்ளை எண்ணெய் கேட்டதாகச் சொன்னாய், வேண்டாம், அவர் தலை அவர் இஷ்டத்துக்கு இருக்கட்டும். ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் கூப்பிடு, மறக்காதே. தொப்பி போட மாட்டேன், நீ அழ மாட்டேன் என்று வாக்குக் கொடு. நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல், சிரித்த முகமாக, நீண்ட காலம் வாழ வேண்டும் என்று உன் அம்மாவும் நானும் மனசார ஆசீர்வதிக்கிறோம்.

இப்படிக்கு,
உன் மீது உயிரையே வைத்திருக்கும்
அப்பா

பின்குறிப்பு: மன்னிப்புக் கேட்டுவிட்டேன். பரவாயில்லை என்று அவர் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் என் தலையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம், அடுத்த ஊசி எந்தத் தேதி என்று கேட்டு, பத்திரிகையின் ஓரத்தைக் கிழித்து எழுதித் தன் பையில் வைத்துக்கொண்டார்.