குரோம்பேட்டையில் இறங்க வேண்டிய இரும்பு

12 ஜூன் 2006, திங்கள்

மதியம் கடையைப் பூட்டிவிட்டு வந்தேன். மகள் ஷாயிஸ்தா தலைப்பிரசவத்துக்கு வந்ததிலிருந்து எங்கள் அடுப்பு அணைவதே இல்லை. முருங்கைக்கீரை, ஆட்டுச் சுவரொட்டி, பேரீச்சை. எல்லாம் ரத்தம் ஊற. கிளினிக்கில் சோதித்தபோது ஹீமோகுளோபின் எட்டுதான் இருந்ததாம், பதினொன்று வேண்டுமாம்.

இரும்பு மாத்திரை குமட்டுகிறது என்று முகம் சுளிக்கிறாள். டீக்கடைக்காரன் நான் எதற்கு இருக்கிறேன்? இஞ்சி தட்டிப்போட்டு, டிகாக்‌ஷன் தூக்கலாக ஒரு டீ. மாத்திரை வழுக்கிக்கொண்டு போனது. "அத்தா டீன்னா அத்தா டீதான்" என்றாள்.

பத்தாவது பெயிலானவனுக்கும் வைத்தியம் வரும்.

19 ஜூன்

சாப்பாடு, மாத்திரை, டீ. இரண்டு வேளையும் என் கையால். என் மனைவி ஜஹீராவுக்குக் கொஞ்சம் பொறாமை.

26 ஜூன்

மறுபடி சோதனை. எட்டு. அசையவே இல்லை.

"இப்படியே இருந்தா பிரசவத்துக்கு முன்னாடி ரத்தம் ஏத்தணும். இங்க வசதியில்ல, பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதித் தந்துடுவேன்" என்றார் டாக்டரம்மா. ஆட்டோவில் ஷாயிஸ்தா பேசவில்லை. என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தாள். அவள் விரல்கள் சில்லென்று இருந்தன.

படப்பையிலிருந்து சம்பந்தியம்மா போன். "புள்ளைக்கு அங்க சோறு கீறு போடறீங்களா?" என்று ஜஹீராவிடம் கேட்டாராம், சிரித்துக்கொண்டே. அந்தச் சிரிப்புதான் குத்துகிறது.

போடறோமே — கீரை, சுவரொட்டி, மாத்திரை... எல்லாம் எங்கதான் போவுது? எம்பொண்ணு வயித்துக்கு இன்னாதான் ஆச்சு?

3 ஜூலை

டாக்டரம்மா வரச் சொல்லியிருந்தார். கூட்டம். பெஞ்சிலேயே ஷாயிஸ்தா டிபன்பாக்ஸைத் திறந்து சாப்பிட்டாள். பிறகு மாத்திரை. நான் பிளாஸ்கைத் திறந்து அவளுக்கு டீ ஊற்றினேன். வீட்டுப் பெருமையைக் காட்ட வேண்டாமா — நர்ஸ் சரசுவுக்கும் ஒரு கப் ஊற்றினேன். கையில் என் டீயை வைத்துக்கொண்டே அவர் அலறினார்.

"பாய்! இன்னா பண்றீங்க?"

"ஜீரணத்துக்குத்தாம்மா."

"டெய்லி இப்டித்தானா?"

"ரெண்டு வேளையும்" என்றாள் ஷாயிஸ்தா, பெருமையாக.

சரசு தலையில் அடித்துக்கொண்டார். "வாயில போட்டதெல்லாம் ஒடம்புல சேர்ந்துடாது பாய். வயிறு கரைச்சு அனுப்பும், சிறுகுடலாண்ட வந்துதான் ரத்தத்துக்கு மாறணும். அந்த நேரம் பாத்து உங்க டீயோட துவர்ப்பு இரும்பைக் கெட்டியா புடிச்சுக்கினா? உள்ள நொழையாம அப்டியே வெளிய பூடும். கீரைக்கும் அதே கதிதான்."

எனக்குப் புரிந்த விதத்தில் எழுதுகிறேன். இரும்பு என்பவர் சாயங்கால மின்சார ரயிலில் வருகிறார். குரோம்பேட்டையில் இறங்க வேண்டும். கதவருகே ஒரு பழைய சினேகிதன் கையைப் பிடித்துக்கொண்டு கதை பேசுகிறான். வண்டி கிளம்பிவிடுகிறது. ஆள் தாம்பரம் போய்ச் சேர்கிறார். அந்தச் சினேகிதன் — என் டீ.

"அப்ப நான்தான்..."

"நீங்களேதான்." மீதி டீயை உறிஞ்சினார். "டீ நல்லாத்தான் கீது பாய். மாத்திரைக்கு எலுமிச்சை ஜூஸ் குடுங்க, அது இரும்பை உள்ள தள்ளிவுடும். டீயெல்லாம் ரெண்டு மணி நேரம் கழிச்சு."

4 ஜூலை

ஜஹீராவிடம் இன்னும் சொல்லவில்லை.

6 ஜூலை

ஷாயிஸ்தா போட்டுக்கொடுத்துவிட்டாள். ஜஹீரா கத்தவில்லை, கத்தியிருந்தால் தேவலை. "சம்பந்தியம்மாகிட்ட நான் இன்னான்னு சொல்றது? எங்கூட்டுக்காரர் டீ ரொம்ப ஸ்ட்ராங்குன்னா?"

நானே போன் போட்டேன். முழுசாகச் சொன்னேன்.

"அண்ணே" என்றார் மெதுவாக. "இங்க இருந்தப்ப, சாப்ட்ட கையோட நானும் டீதானே குடுத்தேன்."

இரண்டு வீட்டாரும் சேர்ந்து செய்த உபசாரம். பாவம் பிள்ளை.

17 ஜூலை

எலுமிச்சை பிழிந்து பிழிந்து விரல் எரிகிறது. டீ ஆற்றிப் பழகிய கை. ஜூஸையும் தூக்கி ஆற்றிவிட்டேன். ஷாயிஸ்தா சிரித்ததில் மாத்திரை தானாக இறங்கியது.

31 ஜூலை

பத்து! பெரிய ஆஸ்பத்திரி வேண்டாம் என்றார் டாக்டரம்மா. ஆட்டோவில் அவள் வாய் மூடவில்லை.

8 செப்டம்பர், வெள்ளி

காலையில் பெண் குழந்தை. சுகப்பிரசவம், ரத்தம் ஏற்றவில்லை. அல்ஹம்துலில்லாஹ். சம்பந்தியம்மா படப்பையிலிருந்து வந்திறங்கினார், பை நிறைய எலுமிச்சம்பழத்தோடு.

மதியம் ஷாயிஸ்தா கஞ்சி குடித்து, மாத்திரை போட்டுக்கொண்டு, "அத்தா, ஒரு வாய் டீ" என்றாள். கேட்பாள் என்று தெரிந்துதான் பிளாஸ்க் கொண்டுபோயிருந்தேன். மூடியைத் திருகவில்லை.

"இருபது வருஷமா கேட்டவங்களுக்கெல்லாம் ஊத்தின மனுஷன். பெத்த பொண்ணுக்கு யோசிக்கிறாரு பாருங்க" என்றாள் ஜஹீரா.

சம்பந்தியம்மா சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். நானும் பார்த்தேன். பேத்தி தூங்கிக்கொண்டிருந்தாள். பிளாஸ்கை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

இரும்பு முதலில் இறங்கட்டும்.