மிஷின் எடுத்த நேரமும் அப்பா எடுத்த நேரமும்

மரக்காணம்
ஆடி 6

அன்புள்ள மகன் வெற்றிச்செல்வனுக்கு அம்மா எழுதுவது. நீயும் பூஜாவும் குட்டியும் அந்த ஊர் வெயிலில் உடம்புக்கு ஒன்றும் வராமல் இருக்க வேண்டும் என்று விளக்கேற்றும்போதெல்லாம் கேட்டுக்கொள்கிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், பாதி நலம் என்று வைத்துக்கொள். வாரா வாரம் போனில் பேசுகிறவள் எதற்குக் காகிதம் வாங்கி எழுதுகிறாள் என்று நினைப்பாய். நீ கூப்பிட்டால் உன் அப்பா ஸ்பீக்கரில் போட்டுத்தான் பேசுவார், நான் தனியாகப் பேச எங்கே போவது. வாட்ஸ்அப்பில் எழுதலாம் என்றால் கடைக்கும் வீட்டுக்கும் அந்த ஒரு போன்தான், படம் அனுப்பினேன் பாருங்க என்று வருகிறவர்கள் எல்லாம் அதை வாங்கித் தடவுகிறார்கள். நமக்கு ஆல்பம் பைண்டிங் செய்து தருகிற கோட்டக்குப்பம் ஜபருல்லா பாயின் மருமகன் திங்கட்கிழமை உங்கள் தோஹாவுக்குத் திரும்புகிறார், அவர் கையில் கொடுத்தனுப்புகிறேன். படித்ததும் போனை எடுக்காதே. முழுக்கப் படி, ஒரு நாள் ஆறவிடு, அப்புறம் பேசு. உன் கோபம் எனக்குத் தெரியும், அது யாரிடமிருந்து வந்தது என்றும் தெரியும்.

ஆடி பிறந்துவிட்டதால் கல்யாணம் இல்லை, கடையில் பாஸ்போர்ட் போட்டோவுக்கு நாலு பேர் வந்தால் பெரிது. உப்பளத்தில் இந்த வருஷம் உப்பு நல்ல வாரல் என்று மேஸ்திரி கலியமூர்த்தி சொல்லிவிட்டுப் போனார், மழை முந்திக்கொள்ளாமல் இருக்க வேண்டும். எனக்கு முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது, அதைப் பற்றி எழுதி என்ன ஆகப்போகிறது. விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிறு நீ அப்பாவிடம் கத்தினாய், இனிமேல் உங்களைக் கேட்கப்போவதில்லை, வருகிற மாதம் நானே ஒரு கம்ப்யூட்டரை எடுத்து அனுப்பிவிடுகிறேன் என்று. அதை இப்போது வாங்காதே. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். உன்மேல் தப்பு இல்லை. தை மாதத்திலிருந்து நீயும் சளைக்காமல் ஒவ்வொன்றாகத் தேடி, இதில் போட்டோஷாப் திறக்க இத்தனை நொடி, அதில் இத்தனை நொடி, இதில் ஐந்நூறு கேமரா படத்தை ஆல்பத்துக்கு மாற்ற எத்தனை நிமிஷம் என்று கட்டம் போட்டு அனுப்பிக்கொண்டுதான் இருந்தாய். அவரும் சளைக்காமல் ஒவ்வொன்றுக்கும் ஒரு குறை சொன்னார். முதலில் ரேம் பதினாறு போதாது முப்பத்திரண்டு வேண்டும் என்றார். நீ முப்பத்திரண்டு போட்டதைக் காட்டினால் கிராபிக்ஸ் கார்டு பழசு, தீபாவளிக்குப் புதுசு வரும், பொறுப்போம் என்றார். அப்புறம் பெட்டியில் ஓட்டை அதிகம், உப்புக்காற்று உள்ளே புகுந்து போர்டைத் தின்றுவிடும் என்றார். அது மட்டும் நிஜம், இருக்கிற மிஷினில் ரேமைக் கழற்றி ரப்பரால் தேய்த்துத் தேய்த்து அந்த ரப்பரே பாதியாகிவிட்டது. ஆனால் தினமும் மிஷினைத் திட்டுகிற மனுஷன், புது மிஷின் வீட்டு வாசலுக்கு வரும்போது ஏன் கதவைச் சாத்துகிறார் என்று உனக்கும் தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

தோன்ற வைத்தது பக்கத்து ஊர் அனுமந்தையில் எடுத்த கல்யாண ஆல்பம். தை மாதத்துக் கல்யாணம், வைகாசியில்தான் ஆல்பம் கொடுத்தோம், அதற்கே ஆயிரம் சமாதானம் சொன்னேன், எல்லாம் மிஷின் ஸ்லோ என்றுதான். கொடுத்த ஒரு வாரத்தில் பெண்ணின் அம்மா அம்சவல்லி ஆல்பத்தைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ் ஏறி வந்துவிட்டாள். புருஷனைக் கடலுக்குக் கொடுத்துவிட்டு மீன் கூடை தூக்கி அந்தப் பெண்ணை வளர்த்தவள். மேடையில் எல்லாரும் நின்று எடுத்த படம் மூன்று தாளில் பெரிதாகப் போட்டிருந்தோம். தாலி இல்லாதவள் என்று தானே ஒதுங்கி இடது பக்கக் கடைசியில் கொஞ்சம் தள்ளி நின்றிருக்கிறாள். மூன்று தாளிலும் அவள் இல்லை. புடவைத் தலைப்பு மட்டும் ஒரு விரல் அளவு தெரிகிறது. சண்டை போட வந்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். ஸ்டூலில் உட்கார்ந்து, தண்ணீர் வேண்டாம் என்று சொல்லிவிட்டு, மெதுவாகக் கேட்டாள். "ஓரமா நிக்க வெச்சதே பெருசுங்க. மாப்ள வூட்ல வெட்டிட சொன்னாங்களா?" உன் அப்பா உள்ளேயிருந்து, சேவ் ஆகும்போது மிஷின் ஓரத்தை விட்டுவிட்டது, பழைய மிஷின், வேறு போட்டுத் தருகிறோம் என்றார். அவள் நம்பினாளோ இல்லையோ, தலையாட்டிவிட்டுப் போனாள். சம்பந்தி வீட்டுக்காரர்கள் மேல் அவளுக்கு விழுந்த சந்தேகத்தை எந்த மிஷின் அழிக்கும் சொல்லு.

எனக்கு மனசு ஆறவில்லை. மிஷின் தானாக ஆளை வெட்டுமா என்று யாரையாவது கேட்க வேண்டும். உனக்குத்தான் தெரியுமே, நம்மிடம் லைட் பிடித்துக்கொண்டிருந்த சகாயராஜ் இப்போது திண்டிவனம் ரோட்டில் தனியாக ஸ்டூடியோ வைத்திருக்கிறான், பொங்கலுக்குத்தான் புது மிஷின் போட்டான். கோயிலுக்குப் போகிறேன் என்று பொய் சொல்லிவிட்டு, அந்த ஆல்பம் மொத்தத்தையும் பென்டிரைவில் போட்டு எடுத்துக்கொண்டு அவனிடம் போனேன். திறந்து பார்த்த உடனே சொல்லிவிட்டான், அக்கா, இது மிஷின் வெட்டியது இல்லை, கையால் இழுத்து வெட்டியதுதான் என்று. போனது போனேன், நீ போனில் சொல்லிக்கொண்டே இருப்பாயே, ஒரே படம், ஒரே வேலை, இரண்டு மிஷினிலும் நேரம் பார்க்க வேண்டும் என்று, அதையும் பார்த்துவிட்டேன். முந்நூறு படத்தை மாற்ற அங்கே ஆறு நிமிஷம், நம்மிடம் முப்பத்தெட்டு. ஒரு தாள் திறக்க அங்கே நாலு நொடி, நம்மிடம் ஒரு நிமிஷத்துக்குப் பத்து நொடி குறைவு. ஆக நம் மிஷின் கிழம்தான், சந்தேகமில்லை. ஆனால் கேள் வெற்றி, ஒரு ஆல்பத்துக்கு இந்த வித்தியாசம் எல்லாம் சேர்ந்தால் நாலு மணி நேரம் வரும், அரை நாள் என்றே வைத்துக்கொள்ளேன். சகாயராஜ் கடையில் இரண்டு நாளில் முடிகிற ஆல்பம் நம் கடையில் பதினைந்து நாளாகிறது. மீதி நாளெல்லாம் எங்கே போனது? வீட்டுக்கு வந்து ஒரு வாரம், ஃபிரேம் துடைக்கிற சாக்கில் அவர் பின்னாலேயே உட்கார்ந்து சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு தாளுக்கு மிஷின் எடுத்தது ஏழு நிமிஷம். அவர் எடுத்தது ஒரு மணி நாற்பது நிமிஷம். மூக்கு திரையில் இடிக்கிற மாதிரி குனிகிறார், தலையை இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்குத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார், சரி செய்த முகத்தையே மறுபடி சரி செய்கிறார். மவுஸ் அம்பு எங்கே இருக்கிறது என்று தேடவே பாதி நேரம் போகிறது. நாற்பது வருஷம் கூட இருந்தவள், எனக்கே இது தெரியவில்லையே என்று அங்கேயே உட்கார்ந்து அழுதேன், சத்தமில்லாமல்தான்.

மறுநாள் கேமரா பையைத் துழாவினேன். லென்ஸ் வைக்கிற அறையில் பாண்டிச்சேரி கண் ஆஸ்பத்திரி அட்டை, கண்ணில் விடுகிற சொட்டு மருந்து பாட்டில், அதுவும் முக்கால்வாசி அப்படியே. அட்டையில் போன ஆவணி தேதி. பத்து மாதமாக எனக்குத் தெரியாமல். கேட்டேன். முதலில் ஆல்பம் சாம்பிள் கொடுக்கப் போனபோது சும்மா காட்டினேன் என்றார். அப்புறம் மெல்ல ஒத்துக்கொண்டார். கண்ணில் பிரஷராம், கண்புரை மாதிரி எடுத்துப் போட முடியாதாம். நடுவில் தெரியும், ஓரத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போகும். போனது திரும்பாது, மருந்து விட்டால் இருப்பது நிற்கும். அந்த மருந்தையும் எரிகிறது என்று விடவில்லை, மகாராஜா. அப்படியென்றால் பிள்ளை தை மாதத்திலிருந்து மிஷின் தேடுகிறானே, ஒன்றை வாங்க விட வேண்டியதுதானே, எதற்கு அவனை அலைக்கழித்தீர்கள் என்று கேட்டேன். அட்டையை வாங்கிப் பைக்குள் வைத்தார். அப்புறம் சொன்னார். "மிஷின் வந்துட்டா அப்புறம் எதைக் குறை சொல்றது நானு?"

இதுதான் விஷயம். அவர் உன்னை ஏமாற்றினார் என்று நினைக்காதே. கடையை மூடிவிட்டு எங்களோடு வந்து இருங்கள் என்று நாலு வருஷத்துக்கு முன்னால் நீ சொன்னதும், அவர் எழுந்து போனதும், அப்புறம் நீங்கள் இரண்டு பேரும் சாப்பிட்டாயா, சாப்பிட்டேன் என்பதற்கு மேல் பேசாமல் இருந்ததும் எனக்கு மறக்கவில்லை. இந்த ஏழு மாதமாகத்தான் ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் பேசினீர்கள். பிராசசர், ரேம் என்று எனக்கு ஒன்றும் புரியாது, ஆனாலும் அடுப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருப்பேன். கண் விஷயம் தெரிந்தால் நீ கடையை மூடச் சொல்வாய், அந்தப் பேச்சும் நின்றுவிடும் என்று அவருக்குப் பயம். எனக்கும் அந்தப் பயம்தான், அதனால்தான் ஆனி முழுக்க எழுதாமல் இருந்தேன். இப்போது காலையும் மாலையும் நானே மருந்து விடுகிறேன், குழந்தை மாதிரி முகத்தைத் திருப்புகிறார். அம்சவல்லிக்கு அந்த மூன்று தாளையும் நான்தான் செய்தேன் தெரியுமா. அவர் பக்கத்தில் உட்கார்ந்து, இதை அமுக்கு, அதை இழு, இத்தனை எண்ணில் நிறுத்து என்று சொல்வார். திரையில் அந்தப் பட்டை நகர்கிற நேரத்தில், கடைசியில் யார் நிற்கிறது, முகம் கறுப்பாகத் தெரிகிறதா, கண் திறந்திருக்கிறதா என்று கேட்பார், நான் பார்த்துச் சொல்வேன். பைண்டிங் ஆனதும் நானே அனுமந்தைக்குக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வெட்டியது எங்கள் கைதான், உங்கள் சம்பந்தி வீட்டில் யாரும் சொல்லவில்லை, அவருக்குக் கண் சரியில்லை என்று சொல்லிவிட்டேன். ஊரில் நான் முதலில் உண்மை சொன்னது அவளிடம்தான். ஐம்பத்தெட்டு வயதில் ஒரு தொழிலைக் கற்றுக்கொள் என்று தலையில் வைத்துவிட்டார்கள், என்னமோ போ, இடுப்பு விட்டுப்போகிறது.

இதுவரை காலையில் எழுதி மடித்து வைத்திருந்தேன். சாயங்காலம் உன் அப்பா அதை எடுத்துவிட்டார். கண்ணருகே வைத்துப் பார்த்தார், என் கையெழுத்து பிடிபடவில்லை, நீயே படி என்று நீட்டினார். மறைத்து என்ன ஆகப்போகிறது என்று மொத்தத்தையும் படித்தேன், மகாராஜா என்று எழுதியதையும் சேர்த்து. திட்டுவார் என்று பார்த்தேன். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, நான் சொல்வதை எழுது என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "மிஷின் மேல தப்பு இல்லன்னு எழுது. ஓரம் தெரியறதில்ல, அதான்னு எழுது. கடைய மூடுன்னு மட்டும் அவன சொல்ல வேணான்னு எழுது." அப்புறம், வாங்குவதாக இருந்தால் உங்க அம்மா உட்கார்ந்து வேலை செய்கிற மாதிரி வாங்கச் சொல் என்றார். மேலே வாங்காதே என்று எழுதியிருக்கிறேன், அடிக்கவில்லை, அப்படியே இருக்கட்டும், இரண்டையும் படித்துவிட்டு நீயே முடிவு செய். எனக்கு வேகம் வேண்டாம் வெற்றி. எழுத்து பெரிதாகத் தெரிய வேண்டும், திரை அகலமாக இருக்க வேண்டும், அவரும் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

பெருமுக்கல் மலைச்சாமி உங்கள் மூன்று பேருக்கும் ஒரு குறையும் வைக்காமல் காக்கட்டும். குட்டிக்கு என் முத்தம், பூஜாவிடம் தலைக்கு எண்ணெய் வைக்கச் சொன்னேன் என்று சொல். ஒன்றை மறந்துவிடாதே, இதற்காகவே இன்னொரு தாள் எடுத்தேன். இந்த நோய் அப்பனிடமிருந்து பிள்ளைக்கு வருமாம், வலி காட்டாதாம், பிள்ளைகள் கட்டாயம் கண் பிரஷர் பார்க்க வேண்டும் என்று டாக்டர் போன ஆவணியிலேயே இவரிடம் சொல்லியிருக்கிறார். அதையும் சேர்த்துத்தான் மறைத்திருக்கிறார், அதற்கு மட்டும் நான் இன்னும் அவரை மன்னிக்கவில்லை. உனக்கு ஐப்பசி வந்தால் முப்பத்தாறு. நாள் முழுக்கத் திரைக்கு முன்னால் உட்கார்கிறவன். எந்த மிஷினும் அப்புறம் வாங்கலாம், முதலில் உன் கண்ணைக் காட்டிவிட்டு வந்து எங்களுக்குப் போன் செய். அவரும் கையெழுத்துப் போட வேண்டும் என்றார், அடியில் இடம் விட்டுக் காட்டினேன். பேனா இந்த வரிகள் மேலேயே ஏறிவிட்டது. சரியா வந்திருக்கா என்று கேட்டார், சரியாக வந்திருக்கிறது என்று சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை கேட்டால் நீயும் அப்படியே சொல்.

இருவரின் ஆசீர்வாதத்துடன்,
உன் அம்மா தெய்வநாயகி
அப்பா பக்தவச்சலம்