நிதி விருந்துக்கு ஒரு பிள்ளை

ஈப்போ
4.3.1979

அன்புத் தங்கை நல்லம்மாளுக்கு,

அண்ணன் பத்துமலை எழுதுவது. நானும் உன் அண்ணியும் சுகம். நீயும் மாப்பிள்ளை பிச்சைமுத்துவும் பிள்ளையும் சுகமாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன்.

கடிதத்தை நின்றுகொண்டு படிக்காதே, உட்கார்ந்து படி. நேற்று எங்கள் ஒளிச்சுடர் சேவைக் கழகத்தின் கூட்டம் நடந்தது. இந்த வருஷத்துப் பெரிய நலப்பணியாக உன் மகள் இருளாயியின் இதய ஆபரேஷனை எடுத்துக்கொண்டார்கள்! சிங்கப்பூர் ஆஸ்பத்திரிச் செலவு, போகவர செலவு, உன் சாப்பாடு வரைக்கும் கழகம் பார்த்துக்கொள்ளும். தலைவர் ஐயாத்துரை எல்லார் முன்னாலும் எழுந்து, "பத்துமலை, நீர் எஸ்டேட்டில இருந்து வந்தனீர். உமக்குத்தான் அந்தச் சனங்கட கஷ்டம் தெரியும். இந்த வேலைக்கு நீரே பொறுப்பாளர்" என்றார். வக்கீல்களும் டாக்டர்களும் உட்கார்ந்திருக்கிற மேசையில், டவுன் கவுன்சிலில் கணக்கு எழுதுகிற கிராணியான எனக்கு இந்தப் பெயர். எனக்குக் கண் கலங்கிவிட்டது, போ.

இரண்டு காரியம். நன்கொடை அட்டையில் போட ஒரு படம் வேண்டும். அடுத்த ஞாயிறு பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வா. நல்ல சட்டை போடவேண்டாம், தோட்டத்து லயத்து வீட்டில் போடுகிற சட்டையே போதும் என்று திருமதி ஐயாத்துரை சொல்லச் சொன்னார். இன்னொன்று, இருளாயி என்ற பெயர் அட்டைக்குச் சரிவராதாம். சீனர்களும் வெள்ளைக்காரர்களும் வாங்குகிற அட்டை, வாயில் நுழையவேண்டுமே. லீலா என்று போடுகிறார்கள். அட்டைக்கு மட்டும்தான், நீ மனசில் வைத்துக்கொள்ளாதே.

அன்பு அண்ணன்,
பத்துமலை


நாலாங்கட்டைத் தோட்டம்
சிலிம் ரிவர்
22.3.1979

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை நல்லம்மாள் வணக்கம். படமெடுத்துவிட்டு நல்லபடியாக வீடு வந்து சேர்ந்தோம். பஸ்ஸில் பாப்பா என் மடியிலேயே தூங்கிவிட்டாள்.

நீங்கள் செய்வதை நாங்கள் ஏழு பிறப்புக்கும் மறக்கமாட்டோம். ஆனால் லீலா விஷயத்தை இவரிடம் சொன்னதும் மனுஷன் சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார். "எங்காத்தா பேரு அவுங்களுக்கு அசிங்கமா இருக்கா? பேர மாத்தினாதான் காசு குடுப்பாங்களா?" என்று ஒரே சத்தம். நான்தான் அடக்கினேன். பிள்ளை பிழைத்து வந்தால் ராணி என்று வேண்டுமானாலும் கூப்பிட்டுக்கொள்ளட்டும். அவளிடம் சொன்னால் கெக்கெக்கே என்று சிரிக்கிறாள். "லீலாவுக்குத்தான நெஞ்சுல ஓட்டை, எனக்கு இல்லியே" என்கிறாள். ஏழு வயசுக்கு எவ்வளவு வாய் பாருங்கள், எல்லாம் உங்கள் இரத்தம்.

பள்ளிக்கூடத்துக்கு இப்போது போவதில்லை. நாலு எட்டு வைத்தால் உதடு நீலம் பாய்ந்து, அப்படியே குந்திக்கொள்கிறாள். குந்தினால் கொஞ்ச நேரத்தில் மூச்சு திரும்பிவிடுகிறது. தோட்டத்து மருந்துக்காரர் ஐயா சொல்கிறார், இந்த நோய்க்காரப் பிள்ளைகளுக்கு அது தானாகவே தெரியுமாம், எங்கே குந்தினாலும் குந்தட்டும், யாரும் தூக்கி நிறுத்தாதீர்கள் என்று. உங்கள் வீட்டுக்கு வந்தால் அண்ணியிடமும் சொல்லிவையுங்கள்.

இங்கே மேல் டிவிஷனில் ரப்பர் மரங்களைச் சாய்த்துவிட்டு எண்ணெய்க்குச் செம்பனை போடப் போகிறார்களாம். வேலை இருக்குமோ இருக்காதோ. அது கிடக்கட்டும். கழகத்தில் நீங்கள் கோட்டு போட்டுக்கொண்டு உட்காருகிறீர்களாமே? படம் இருந்தால் அனுப்புங்கள், மாட்டிவைக்கிறேன்.

உங்கள் தங்கை,
நல்லம்மாள்


ஈப்போ
9.5.1979

அன்புத் தங்கைக்கு,

உன் அண்ணன் காலைப் பார்த்தால் நீ அழுதுவிடுவாய். நன்கொடைக்காக ஜெலாப்பாங்கிலிருந்து ஈப்போ திடல் வரைக்கும் நடந்தோம். கொப்புளம் வெடித்து, உன் அண்ணி மஞ்சள் அரைத்துப் போட்டாள். பள்ளிப் பிள்ளைகள் கார் கழுவினார்கள். தியேட்டர்காரர் ஒரு காலைக் காட்சியை இலவசமாகக் கொடுத்தார். சிம்பாங் பூலாய் சந்தையில் காய் விற்கிற ஒரு சீனக் கிழவி பாப்பாவின் படத்தைப் பார்த்துவிட்டு, மடியில் இருந்ததை எண்ணாமல் டின்னில் கொட்டினாள். மனுஷர்கள் கெட்டுப்போகவில்லை, நல்லம்மா.

ஆபரேஷனுக்கு வேண்டியது சேர்ந்துவிட்டது. இனி வருவதெல்லாம் உபரிதான். சிங்கப்பூர் டாக்டரும் கட்டில் ஒதுக்கிவிட்டார், ஜூன் 18. அதற்கு முன்னால் ஜூன் 2, சனிக்கிழமை, நம் நிதி விருந்து. அன்றைக்கு மேடையில் டத்தோ பட்டம் வாங்கின பிரமுகர் ஒருவர் பெரிய காசோலையைப் பாப்பா கையில் கொடுப்பார். அதற்கு இரண்டு வாரத்தில் நீங்கள் ரயில் ஏறலாம். எல்லாம் ஒழுங்காகக் கூடிவருகிறது.

திருமதி ஐயாத்துரை பாப்பாவுக்கு வெள்ளைக் கவுன் தைக்கக் கொடுத்திருக்கிறார். நீயும் ஒரு நல்ல சேலையாகக் கட்டிக்கொண்டு வா.

அன்பு அண்ணன்,
பத்துமலை


நாலாங்கட்டைத் தோட்டம்
1.6.1979

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். விருந்து தள்ளிப்போய்விட்டது, நாளைக்கு வரவேண்டாம் என்று நீங்கள் போன் செய்ததை ஆபீஸ் கிராணி வந்து சொன்னார். எதற்கு என்று அவருக்குத் தெரியவில்லை. எனக்கு நேற்றிலிருந்து சோறு இறங்கவில்லை.

விருந்து எப்போது வேண்டுமானாலும் நடக்கட்டும். நாங்கள் 18ஆம் தேதிக்குப் போய்விடலாம் அல்லவா? பணம் சேர்ந்துவிட்டது என்று நீங்கள்தானே எழுதினீர்கள்? பிறகு கொடுப்பதில் என்ன சூசா, என்ன சிரமம்?

செவ்வாய்க்கிழமை பாப்பாவுக்கு ரொம்ப முடியாமல் போய்விட்டது. அழுதுகொண்டே இருந்தவள் நீலமாகி, கண் மேலே போய்விட்டது. நான் கத்தின கத்தில் லயமே கூடிவிட்டது. மருந்துக்காரர் முழங்காலை நெஞ்சோடு மடக்கிப் பிடித்து ஊசி போட்டார். "இன்னொரு தரம் இப்படி வந்தா என் கையில ஒன்னும் இல்லம்மா. சீக்கிரம் கொண்டுபோயிடுங்க" என்கிறார். உடனே பதில் போடுங்கள்.

உங்கள் தங்கை,
நல்லம்மாள்


ஈப்போ
6.6.1979

அன்புத் தங்கைக்கு,

கடிதம் கிடைத்தது. பதறாதே. பதறினால் பிள்ளைக்கும் தொற்றிக்கொள்ளும்.

டத்தோ திடீரென்று வெளிநாடு போய்விட்டார். ஜூலை 14 என்று புதுத் தேதி கொடுத்திருக்கிறார். நீ கேட்டதை நானும் தலைவரிடம் கேட்டேன், கேட்காமல் இருப்பேனா? "பணத்தை இப்பவே குடுத்து அனுப்பலாமே சார்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "பத்துமலை, கொஞ்சம் யோசியும். பிள்ளை ஆபரேஷன் முடிஞ்சு நல்லா வந்திட்டால், சுகமான பிள்ளையை மேடையில ஏத்தி என்னத்தைச் சொல்லிக் காசு கேக்கிறது? அடுத்த வருஷம் இன்னொரு பிள்ளைக்கும் வேணுமெல்லோ" என்றார். அதிலும் ஒரு நியாயம் இருக்கிறது, நல்லம்மா. முந்நூறு பேர் டிக்கெட் வாங்கியிருக்கிறார்கள். பிள்ளையைப் பார்க்கத்தான் வருகிறார்கள்.

அதனால் நானே சிங்கப்பூருக்குத் தந்தி அடித்து, கட்டிலை ஜூலை 30க்கு மாற்றிவிட்டேன். அவர்களும் சரி என்று பதில் அனுப்பிவிட்டார்கள். ஏழு வருஷம் தாங்கின பிள்ளை, இன்னும் ஆறு வாரம் தாங்காதா? கழகத்தில் நான் தலைநிமிர்ந்து நிற்பது இந்த ஒரு காரியத்தில்தான். என்னைச் சங்கடத்தில் மாட்டிவிடாதே.

அன்பு அண்ணன்,
பத்துமலை


நாலாங்கட்டைத் தோட்டம்
15.6.1979

அன்புள்ள அண்ணனுக்கு,

எங்களைக் கேட்காமல் தேதியை மாற்றிவிட்டீர்கள். இவர் ஈப்போவுக்கு வந்து சண்டை போடுகிறேன் என்று நின்றார். "அவங்க காசு, அவங்க சொல்றதுதான்" என்று நான்தான் தடுத்தேன். வேறு என்ன வழி இருக்கிறது எங்களுக்கு?

ஜூலை 14க்கு வருகிறோம். சொன்ன இடத்தில் நிற்கிறோம். ஒன்றே ஒன்று கேட்கிறேன், அண்ணே. டத்தோ மறுபடியும் எங்கே போனாலும் போகட்டும், 30ஆம் தேதியை மட்டும் மாற்றாதீர்கள். உங்கள் காலில் விழுந்து கேட்கிறேன்.

நல்லம்மாள்


ஈப்போ
16.7.1979

அன்புத் தங்கைக்கு,

இன்றைக்குப் பேப்பரில் நம் பாப்பா! வெட்டி இதோடு வைத்திருக்கிறேன். "புன்னகையுடன் காசோலை பெறும் சிறுமி லீலா." பக்கத்தில் கோட்டு போட்டுக்கொண்டு நிற்கிறது யார், சொல் பார்க்கலாம். நீ கேட்டிருந்த படம் கடைசியில் இப்படிக் கிடைத்தது.

உங்களைச் சமையல்கட்டு ஓரத்து மேசையில் உட்காரவைத்ததில் உனக்கு வருத்தம் என்று முகத்தைப் பார்த்தே தெரிந்துகொண்டேன். முன்னால் இடமில்லை, டிக்கெட் வாங்கினவர்களை எழுப்ப முடியுமா? ஆனால் நீ ஒன்றைப் பார்த்திருக்கமாட்டாய். பேச்சு நீண்டுபோனதும் பாப்பா மேடையிலேயே குந்தப் பார்த்தாள். குந்தினால் அந்தப் பெரிய காசோலைக்குப் பின்னால் ஆளே தெரியமாட்டாள். நான் தோளைப் பிடித்துத் தூக்கி நிறுத்திக்கொண்டேன். எத்தனை பேர் வந்து படம் எடுத்தார்கள், அத்தனைக்கும் நின்றாள். கெட்டிக்காரி. "மாமா, இந்தச் சீட்ட எந்தக் கடையில மாத்துவாங்க?" என்று கேட்டாளே பார், டத்தோவே விழுந்து விழுந்து சிரித்தார்.

காரில் ஏற்றும்போது கொஞ்சம் துவண்டிருந்தாள். அலைச்சல்தான். நன்றாகத் தூங்கவிடு. சிங்கப்பூர் ரயில் டிக்கெட்டை வெள்ளிக்கிழமை நானே கொண்டுவருகிறேன். அவளுக்கு ஒரு பொம்மையும் வாங்கிவைத்திருக்கிறேன், இப்போது சொல்லிவிடாதே.

அன்பு அண்ணன்,
பத்துமலை


ஈப்போ
2.3.1980

அன்புத் தங்கை நல்லம்மாளுக்கு,

ஜூலைக்குப் பிறகு நான் எழுதுகிற நாலாவது கடிதம் இது. ஒன்றுக்கும் பதில் இல்லை. போன ஜூலையில் டிக்கெட்டோடும் பொம்மையோடும் வந்தவன், லயத்து வாசலில் பந்தலைப் பார்த்து நின்றேன். அன்றைக்கும் நீ என் முகத்தைப் பார்க்கவில்லை. மறுநாள் வந்த கழகத்தின் மலர்வளையத்தை மாப்பிள்ளை வாங்கிச் சாக்கடை ஓரத்தில் வைத்தார்.

என்ன செய்வது, விதி. எங்கள் கழகத்து டாக்டரைக் கேட்டேன். ஆபரேஷன் செய்திருந்தாலும் உறுதி சொல்ல முடியாது என்கிறார். அதை நினைத்து மனசைத் தேற்றிக்கொள்.

உனக்கு ஆறுதலாக ஒரு சேதி. பாப்பாவுக்குச் சேர்த்த பணத்தை அப்படியே வைத்து 'லீலா நினைவு நிதி' என்று தொடங்கியிருக்கிறார்கள். இந்த வருஷம் சுங்கை சிப்புட் பக்கத்துப் பையன் ஒருவனுக்கு அதே ஆபரேஷன். ஏப்ரல் விருந்தில் அந்தக் காசோலையை நீ உன் கையால் அவனுக்குக் கொடுக்கவேண்டும் என்று தலைவர் விரும்புகிறார். தாய் கொடுத்தால் எல்லார் மனசும் உருகும் என்கிறார். இந்தத் தடவை முன் மேசை, நானே பேசிவிட்டேன். கார் அனுப்புகிறேன். வந்துவிடு, நல்லம்மா. உன்னைப் பார்த்து எவ்வளவு நாளாகிவிட்டது.

அன்பு அண்ணன்,
பத்துமலை


நாலாங்கட்டைத் தோட்டம்
11.3.1980

அண்ணனுக்கு,

கார் அனுப்பவேண்டாம். நாங்கள் இந்த மாதக் கடைசியில் தோட்டத்தை விட்டுப் போகிறோம். மரமெல்லாம் சாய்த்தாகிவிட்டது. எந்த ஊர் என்று எழுதவில்லை, தேடவும் வேண்டாம்.

லீலா என்று எங்கள் வீட்டில் யாரும் சாகவில்லை. செத்தது இருளாயி. அந்தப் பெயர் மேடைக்கு ஆகாது என்றால், அந்தச் சாவும் மேடைக்கு ஆகாது.

உங்கள் டாக்டர் உறுதி சொல்ல முடியாது என்றாராம். நான் உறுதியா கேட்டேன்? ஜூன் 18ஆம் தேதி கொண்டுபோயிருந்தால், கத்தியின் கீழே போயிருந்தாலும், நம்மால் ஆனதைச் செய்தோம் என்று படுத்துத் தூங்குவேன். அந்தத் தூக்கத்தைத்தான் எடுத்துக்கொண்டீர்கள். உங்களை நம்பி என் புருஷன் வாயை அடைத்தேனே, அதற்கு இப்போது அவர் ஒரு வார்த்தை என்னைத் திட்டுவதில்லை. திட்டினாலாவது தேவலை.

சுங்கை சிப்புட் பையனுக்கும் ஒரு தாய் இருப்பாள். பணத்தை நாளைக்கே அவள் கையில் கொடுத்து ரயில் ஏற்றிவிடுங்கள். அவன் நல்லபடியாகத் திரும்பி வந்து ஓடி விளையாடட்டும். அப்புறம் எத்தனை படம் வேண்டுமோ எடுத்துக்கொள்ளுங்கள். உருகாத மனசு உருகாமலே போகட்டும். என்னிடம் நீங்கள் கேட்டதற்கு இதுதான் பதில். இதையாவது உங்கள் தலைவரிடம் எழுந்து நின்று சொல்லுங்கள்.

பொம்மையைத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். கவுனை அவளோடு குழியில் போட்டுவிட்டோம்.

பேப்பர் படம் என்னிடம்தான் இருக்கிறது. நன்கொடை அட்டைப் படத்தில் அழுது முகத்தைத் திருப்பிக்கொண்டாள், அதனால் முகம் முழுதாகத் தெரிகிற படம் அவளுக்கு இது ஒன்றுதான். புன்னகை என்று போட்டிருக்கிறார்கள். பெற்றவளுக்குத் தெரியாதா, அது சிரிப்பில்லை. வாயைத் திறந்து மூச்சை இழுக்கிறாள். முழங்கால் மடங்கியிருக்கிறது. கண் கூட்டத்துக்கு மேலே, சமையல்கட்டுப் பக்கம் என்னைத் தேடுகிறது.

உங்களை மட்டும் வெட்டி எடுத்துவிடலாம் என்று கத்தரிக்கோலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கோட்டை வெட்டினேன், முகத்தை வெட்டினேன். அவள் தோளைப் பிடித்திருக்கிற கையை வெட்ட முடியவில்லை. வெட்டினால் தோளும் போய்விடும். அதனால் அந்தக் கையை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன்.

இருளாயியின் அம்மா,
நல்லம்மாள்