இடது தோளில் இருபது போர்

என் தூரத்துக் கப்பல்காரனுக்கு,

நீ வாங்கித் தந்த கனமான பன்னிரண்டு 'போர்' குழல் துப்பாக்கியைக் கடையில் கொடுத்துவிட்டு, குழல் மெல்லிய இருபது 'போர்' ஒன்று வாங்கிவிட்டேன். கோபிக்காதே.

கடைக்காரர் ஒட்டொரீனோவுக்குத்தான் மனசே இல்லை. "பறக்கிற களிமண் தட்டைக் குறிபார்த்துச் சுடுறவளுக்குக் கனம்தாம்மா துணை. நூறு தோட்டா சுட்டாலும் தோள்ல விழற உதையை அதுவே வாங்கிக்கும். இந்த இலேசெல்லாம் பறவை தேடி நாள் முழுக்க நடக்கறவங்களுக்கு."

"நானும் இனிமே நடக்கத்தான் போறேன்."

அதை இடது தோளில் வைத்துப் பார்த்தேன். "நீ வலது கைக்காரியாச்சே!" என்று சிரித்தவர், என் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். வெடிமருந்து குறைந்த தோட்டாவாக ஒரு பெட்டி அவரே எடுத்துவைத்தார்.

இன்று காலை அறுவடை முடிந்த நெல்வயலில் நடந்தேன். மோர்த்தாரா ஊர் முழுவதும் பனிமூட்டத்தில் கரைந்துபோய், தேவாலய மணியோசை மட்டும் எங்கோ மிதந்தது. நாய் சட்டென்று நின்றது. நெல்தாள்களுக்குள்ளிருந்து ஓர் உள்ளான் குருவி வளைந்து வளைந்து எழுந்தது. துப்பாக்கி தானாகவே அதன் பின்னால் போனது போலிருந்தது. சுட்டேன். தப்பிவிட்டது. ஆனால் எனக்கு வலிக்கவில்லை! அந்த வெண்மைக்குள் நின்று வெகுநேரம் சிரித்தேன். நாய்க்குத்தான் அவமானம்.

ஆகஸ்டில் அக்கா வீட்டில் இருந்ததாக எழுதியிருந்தேனே, அது மருத்துவமனை. இப்போது நன்றாக இருக்கிறேன்.

கிறிஸ்துமஸுக்கு நீ வரும்போது துறைமுகத்தில் நிற்பேன். வழக்கம்போல் ஓடிவந்து தூக்கிச் சுற்றாதே. மெதுவாக அணைத்துக்கொள். என் வலப்பக்க நெஞ்சிலிருந்து என்ன எடுத்தார்கள் என்று அப்போது உனக்கே தெரியும்.

என்றும்
உன்னவள்