பல்லில் கடித்த வலை

ஞாயிறு, பௌர்ணமிக்கு மறுநாள்

தம்பியோடு வலைக்கடைக்குப் போனேன். விரால் தூண்டிலுக்கு இரையாகக் கெண்டைக் குஞ்சு பிடிக்க வீச்சு வலை வேண்டுமென்று ஒரு வாரமாக நச்சரிக்கிறான். பக்கவாதம் வந்ததிலிருந்து அவன் வலது கை தோளுக்கு மேல் எழுவதில்லை. அதைச் சொல்ல வாய் வராமல், பொடிக் கண்ணி வலைகளில் சின்னதாக, ஓரத்தில் ஈயக் குண்டு கம்மியாக ஒன்றை எடுத்து நீட்டினேன்.

"இது கொண்டை வலை மாதிரி இருக்குதுக்கா" என்றவன் கடைக்காரரிடம் திரும்பி, "இதே கண்ணியில பெருசு காட்டுங்க" என்றான்.

சின்ன வயதில் வேங்கிக்கால் ஏரியில் அவன்தான் வீசுவான். நான் குடத்தோடு நின்று கெண்டை பொறுக்குவேன். ஒருமுறை வலையைக் கேட்டதற்கு, "பொம்பளப் புள்ள வீசுனா மீனு சிரிக்கும்" என்று துரத்தினான். அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது.

பெரிய வலை வந்தது. அதன் ஓரத்தை இடது கையால் தூக்கி என் வாயருகே கொண்டுவந்தான்.

"பல்லுல கடிச்சிப் புடி அக்கா. அப்பதான் வட்டமா விரியும். நாளைக்கு நீ வீசு, நான் பொறுக்கறேன்."

கடையில் அத்தனை பேர் பார்க்க, கடித்தேன்.

பல் தேய்த்தும் ஈயத்தின் ருசி போகவில்லை. இப்போதுதான் குடத்தைத் தேடி எடுத்து வைத்தேன். இடது கையால் தூக்குவான், சின்னக் குடமே போதும்.