நான்கு அடியில் மூன்று ‘நான்’

மார்ச் 3, செவ்வாய்

மனைவியின் தம்பி கவிதைப் புத்தகம் போட்டுவிட்டான். காப்பீட்டு அலுவலகத்தில் நல்ல வேலை. வேறு கெட்ட பழக்கம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை வெளியீடு. தலைப்புக் கவிதையின் எதுகை, மோனை, சந்தம், திரும்பத் திரும்ப வரும் சொற்கள் பற்றி நான் பேச வேண்டுமாம். கல்லூரியில் யாப்பு நடத்துகிற பாவம். கவிதை முழுவதும் இதுதான்:

நான்
நான்
நாற்காலி
நான்

மார்ச் 4

அசை பிரித்தேன். வாய்பாடு: நாள், நாள், தேமாங்காய், நாள். மோனை இருக்கிறது — ‘நா’வை விட்டு அவன் நகரவே இல்லை. எதுகை? ன், ற் இரண்டும் இன எழுத்துகள். உறவுக்காரர்கள்தானே, அனுசரித்துப் போகட்டும். பொருள் —

மார்ச் 5

இதில் ஒன்றுமே இல்லை என்று மனைவியிடம் சொன்னேன். சொல்லியிருக்கக் கூடாது.

“குப்பையக் கொட்டத் தெரியல, தப்பு சொல்ல வந்துட்டீங்க! எந்தம்பி எழுதினா எரியுதா? என்ன பொறப்பு!”

குப்பை, தப்பு — எதுகை. அடுத்த வரி முழுக்க மோனை. வெண்பா ‘பிறப்பு’ என்னும் வாய்பாட்டில் முடியலாம் என்பது விதி, முடித்திருக்கிறாள். அந்தக் குடும்பத்தில் கவிஞர் யார் என்பதில் எனக்கு இனிச் சந்தேகமில்லை. குப்பையைக் கொட்டப் போனேன்.

மார்ச் 7

உண்மையைச் சொன்னால் வீட்டில் இருக்க முடியாது. பொய் சொன்னால் வகுப்பில் தலைகாட்ட முடியாது. மாணவர்கள் வேறு வருகிறார்களாம். என்னதான் செய்யறது? காய்ச்சல் வருகிறதா என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருக்கிறது.

மார்ச் 8, ஞாயிறு

பொய்யே சொன்னேன். “நான்கு அடிகளில் மூன்றில் ‘நான்’ வருகிறது. மிச்சமிருந்த ஒன்றையும் எடுத்துக்கொள்ளாதது கவிஞரின் தன்னடக்கம்.”

சிரிப்பார்கள் என்று நினைத்தேன். எழுந்து நின்று கைதட்டினார்கள். மாணவர்கள் குறிப்பெடுத்தார்கள். மைத்துனன் கண்ணைத் துடைத்துக்கொண்டான். திரும்பி வரும்போது பேருந்தில் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டாள். கடைசியாகக் கல்யாணமான புதிதில் பிடித்தது.

மார்ச் 9

கேட்காமலே இரண்டாவது காபி.

மார்ச் 20

மைத்துனன் வேலையை விட்டுவிட்டான். “நீங்க அப்படிச் சொன்னப்புறம் அங்க போய் உக்கார மனசு வரல மாமா.” வாடகை வீட்டையும் காலி செய்துவிட்டான். இரண்டு பெட்டிகள் என் படிப்பறையில் இறங்கியிருக்கின்றன. இனிக் குறுங்கவிதையே கிடையாதாம். நெடுங்கவிதையாம்.

“எப்பப்பா முடியும்?” என்று கேட்டேன்.

“அதுவா முடியணும் மாமா.”