ஐந்தாம் எண் துளை

ஏரிக்கரைத் தொழுநோய் ஆஸ்பத்திரியில் பெண்கள் வார்டின் தெற்குச் சுவர் நேற்றுப் பிற்பகல் தரைமட்டமானது. இதை உறுதி செய்தவர் இடிப்பு வேலையை நடத்தும் மேஸ்திரி. நான் போய்ச் சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. குவியலிலிருந்து சுட்ட மண்குழாய்த் துண்டு ஒன்றை எடுத்து, "செவுத்துக்குள்ள இருந்துச்சு சார், இன்னாத்துக்குன்னு தெர்ல" என்று என் கையில் கொடுத்தார். அது இப்போது என் மேசைமேல் இருக்கிறது. பழைய சுண்ணாம்பு வாசனை அடிக்கிறது. ஓவர்சியர், நீங்கள் இருந்திருந்தால் இதை முதலில் உங்களிடம்தான் சொல்லியிருப்பேன். நீங்கள் போய் நான்கு மாதம் ஆகிறது.

எழுபதுகளின் கடைசியில் நாம் இருவரும் அந்த வார்டுக்குள் போனபோது ஆஸ்பத்திரி மூடிப் பல வருடம் ஆகியிருந்தது. நீங்கள் அளவெடுக்க வந்தீர்கள். பழைய கட்டடங்களைப் பற்றிப் பேப்பரில் எழுத நான் வந்தேன். டேப்பின் ஒரு முனையை என்னிடம் கொடுத்துவிட்டு, என் கண்ணில் படாததையெல்லாம் காட்டினீர்கள். தரையும் சுவரும் சேரும் இடத்தில் அழுக்குத் தங்காதபடி மூலையை வளைத்துப் பூசியிருந்தார்கள். ஜன்னலின் அடிப்பக்கம் சரிவாக இருந்தது; அதன்மேல் யாரும் எதையும் வைக்க முடியாது. தெற்குச் சுவரில் கட்டிலுக்கு ஒன்றாக, மண்குழாய் பதித்த எட்டுத் துளைகள். உள்ளே உட்கார்ந்திருப்பவரின் வாய் உயரத்தில் தொடங்கி, இரண்டடிச் சுவருக்குள் சாய்வாக ஏறி, வெளியே நிற்பவரின் காது உயரத்தில் முடிந்தன. வெளிப்பக்கம் ஒவ்வொரு துளையின்மேலும் ஓர் எண்.

"பொகை போற ஓட்டை சார்" என்றார் வாட்ச்மேன். விரலை விட்டுக் கரியையும் காட்டினார். அவர் பெயரைக் குறித்துக்கொண்டேன். நீங்கள் அப்போது வெளியே ஐந்தாம் எண்ணுக்குக் கீழே நின்றிருந்தீர்கள். சுவரின் நீளத்தை உங்களிடம் இரண்டு முறை கேட்க வேண்டியிருந்தது.

கட்டுரை வந்த மறுநாள், பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் பேப்பரை மடித்து வைத்துக்கொண்டு காத்திருந்தீர்கள்.

"பொகை போவ இன்னாத்துக்கு சார் நம்பரு?"

"வாட்ச்மேன் சொன்னார்."

"அவன் வந்ததே ஆஸ்பத்திரி மூடின பொறவு. அந்தக் கரியே அவன் சோறாக்கின கரி."

நான் சிரித்தேன். நீங்கள் சிரிக்கவில்லை. டீ ஆறியபிறகு மெதுவாகச் சொன்னீர்கள்.

"அஞ்சாம் நம்பரு எங்க அக்காது. எனக்கு அப்ப பத்தொம்பது வயசு. வாராவாரம் சைக்கிள்ல போவேன். நாத்து உட்டாச்சா, மாடு கன்னு போட்ச்சான்னு கேப்பா. மூஞ்சி தெரியாது சார், கொரல் மட்டும் பக்கத்துல கேக்கும். எவன் கட்டினானோ, ரோசன பண்ணிக் கட்டிகீறான்."

உங்கள் பெயரோடு திருத்தம் போடுகிறேன் என்றேன்.

"பேரு வாணாம். பொண்ணுக்கு வரன் பேசிக்கினு கீறோம். அக்கா மஞ்சகாமாலைல செத்துப் பூட்டான்னுதான் ஊருல சொல்லி வச்சிகீறோம்."

பெயர் இல்லாமல் போட முடியாது என்றேன். அது எங்கள் ஆபீசின் விதி. அதைவிட, அது என் பெருமை.

"அப்போ பேரு இருந்தா பொய்யும் நிக்கும். பேரு இல்லன்னா நெசம் நிக்காது. அப்டித்தான சார்?"

டீக்கு நான் காசு கொடுக்கப் போனபோது என் கையைத் தள்ளிவிட்டீர்கள்.

இரண்டு வருடம் கழித்துக் கட்டடத்தை இடிக்க மதிப்பீடு தயாரானது. தெற்குச் சுவரை மட்டும் விட்டுவைக்கலாம் என்று நீங்கள் குறிப்பு எழுதினீர்கள். மேலே இருந்தவர் 'புகைத் துளைகள்; சிறப்பு ஏதுமில்லை' என்று எழுதி, ஆதாரமாக என் கட்டுரையைக் கத்தரித்துக் குண்டூசியால் குத்தி வைத்திருந்தார். ஃபைலைத் திறந்து என்னிடம் காட்டிவிட்டு மூடினீர்கள். திட்டியிருக்கலாம். "மத்தியானம் சாப்ட்டீங்களா சார்?" என்றுதான் கேட்டீர்கள். அதன் பிறகு சுவரைப் பற்றி நாம் பேசவே இல்லை. இடிப்பு மட்டும் வருடக்கணக்கில் தள்ளிப் போனது. திருத்தத்துக்கு எனக்கு அவ்வளவு நாள் இருந்தது, ஓவர்சியர். உங்கள் பெண்ணின் கல்யாணத்துக்கு வந்து சாப்பிட்டேன். அப்போதும் பெயர் போடலாமா என்று கேட்கவில்லை.

இன்று காலை வாலாஜாபாத்தில் உங்கள் பெண்ணைப் பார்த்தேன். கடைசி நாட்களில் எல்லாவற்றையும் அவளிடம் சொல்லியிருக்கிறீர்கள். உங்கள் பெயரோடு திருத்தம் போடலாமா என்று கேட்டேன்.

"எனக்கு ஒண்ணும் இல்ல சார். எங்க அத்தைதான அவங்க. ஆனா இந்த வூட்ல கேக்கணும். மாமியாரு தென்னேரி போயிகீறாங்க, வெள்ளிக்கெயமதான் வருவாங்க. கேட்டுச் சொல்றேன்."

வேண்டாம் என்று சொன்னாலும் நியாயம்தான் என்று அவளிடம் சொல்லிவிட்டு வந்தேன். அவள் அங்கே வாழ வேண்டியவள்.

திருத்தம் நான்கு வரி. எழுதி என் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். அவை புகைத் துளைகள் அல்ல, நோயாளிகளும் உறவினரும் பேசிக்கொள்வதற்காக வைக்கப்பட்டவை என்று இருக்கிறது. 'இதைத் தெரிவித்தவர்' என்ற இடம் காலியாக இருக்கிறது. பதில் வெள்ளிக்கிழமை எதிர்பார்க்கப்படுகிறது.